பிஎல்கே1-ஐ நிறுத்துவது எப்படி: தடுப்பானா, எஸ்ஐஆர்என்ஏவா, கிரிஸ்பரா, டெக்ரானா?

ஒரு கைனேஸ் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) செல்லுக்குள் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை நிறுத்திவிட்டு எது கெடுகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். நிறுத்தும் வழிகள் இன்று பல: நொதியை அடைக்கும் மருந்தான தடுப்பான், அதன் செய்தி ஆர்என்ஏவை அழிக்கும் எஸ்ஐஆர்என்ஏ, மரபணுவையே வெட்டும் கிரிஸ்பர், புரதத்தில் ஒட்டி அதை அழிவுக்கு அனுப்பும் வாலான டெக்ரான். ஒவ்வொன்றும் வேறு வேகத்தில், வேறு விதத்தில் நிறுத்துகிறது. எப்போதும் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும் நொதியில் இந்த வேறுபாடு அவ்வளவாக உறுத்தாது. செல் பிரிதலை நடத்தும் கைனேஸான பிஎல்கே1-இல் அதுவே முடிவை மாற்றிவிடும்.

பிஎல்கே1 மரபணு 16-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. அதன் புரதத்துக்கு 603 அமினோ அமிலங்கள், எடை ஏறத்தாழ 68 கிலோடால்டன். முன்பாதியில் கைனேஸ் பகுதி. பின்பாதியில் இரண்டு போலோ பெட்டிகள் சேர்ந்து ஒரு கொக்கிபோல் இயங்கி, ஏற்கெனவே பாஸ்பேட் ஏறிய புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. பழ ஈயில் போலோ மரபணுவை 1988-இல் சங்கெலும் குளோவரும் விவரித்ததிலிருந்து வந்த பெயர் இது. செல் பிரிந்தபின் வரும் ஜி1 கட்டத்தில் இந்தப் புரதம் மிகக் குறைவு. பிரிதலுக்கு முந்தைய ஜி2-வில் கூடி, குரோமோசோம்கள் பிரியும் மைட்டாசிஸில் உச்சம் தொடும். அரோரா ஏ கைனேஸ், போரா என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து இதன் 210-ஆம் திரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றி இதை விழிக்க வைக்கிறது. பிரிதல் முடியும் நேரத்தில் ஏபிசி/சி என்னும் கூட்டுப் புரதம், சிடிஎச்1 துணையுடன் இதற்கு யுபிக்விட்டின் என்ற சிறு புரதக் குறியை ஒட்டி அழிவுக்கு அனுப்பிவிடுகிறது.

இடைப்பட்ட ஓரிரு மணி நேரத்தில் இது செய்யும் வேலைகள் ஏராளம். சென்ட்ரோசோம்களுக்கு (நுண்குழல்கள் கிளம்பும் மையங்கள்) காமா டியூபுலினைச் சேர்த்துப் பெருக்க வைக்கிறது. மைட்டாசிஸுக்குள் நுழைவதை விரைவுபடுத்துகிறது. குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல் சட்டமான கதிர்கோல் இருமுனையாக நிற்க உதவுகிறது. குரோமோசோம்களின் பிடிமான இடங்களான கைனெட்டோகோர்கள் நுண்குழல்களைச் சரியாகப் பற்ற வழிசெய்கிறது. குரோமோசோம் கரங்களிலிருந்து, இணைப்படிகளைப் பிணைக்கும் கொஹீசினைக் கழற்றுகிறது. குரோமோசோம்கள் விலகும் அனாஃபேஸ் தொடங்கியதும் ஈசிடி2 புரதத்தைச் செல்லின் நடுப்பகுதிக்கு வரவழைத்து, செல்லே இரண்டாகும் சைட்டோகைனசிஸின் பிளவுக்குத் தொடக்கம் கொடுக்கிறது.

சிக்கல் இங்கேதான். முதல் வேலையை நிறுத்தினால் செல் கடைசி வேலை வரை போவதே இல்லை; ஒருமுனைக் கதிர்கோலோடு, குரோமோசோம்கள் வரிசையாவதற்கு முந்தைய புரோமெட்டாஃபேஸில் மாட்டிக்கொள்ளும். 24 மணி நேரம் எடுக்கும் கருவியைக் கொண்டு பார்த்தவருக்கு பிஎல்கே1 கதிர்கோலுக்கான கைனேஸ் மட்டுமே. சைட்டோகைனசிஸில் அதன் பங்கு தெளிவாகப் பிடிபட்டது 2007-இல், அனாஃபேஸ் தொடங்கும் கணத்தில் நிறுத்தக்கூடிய சிறு மூலக்கூறுகள் கைக்கு வந்த பிறகுதான்.

ஆகவே கருவியை எடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும்? புரதமே இல்லாமல் போக வேண்டுமா, இருந்தும் வேலை செய்யாமல் கிடக்க வேண்டுமா? பிஎல்கே1 போன்ற கொக்கியுள்ள கைனேஸில் இல்லாமையும் செயலின்மையும் ஒன்றல்ல. தடுப்பான் போட்டால் புரதம் அங்கேயே இருக்கிறது. போலோ பெட்டிகள் தம் கூட்டாளிகளைப் பிடித்துக்கொள்ளவும் முடிகிறது. அரோரா ஏ-யில் இந்த வேறுபாடு 2020-இல் பளிச்சென்று தெரிந்தது. வினையை மட்டும் தடுத்தால் மைட்டாசிஸ் கெடுகிறது; புரதத்தையே புரோட்டாக் (புரதத்தை அழிவுக்கு இழுக்கும் மருந்து) கொண்டு அழித்தால், டிஎன்ஏ படியெடுக்கும் எஸ் கட்டமும் தடுமாறுகிறது. கைனேஸ் வேலைக்கு அப்பால் அந்தப் புரதத்துக்கு இன்னொரு வேலை இருந்தது என்பதுதான் அதன் பொருள்.

தடுப்பான்: வேகத்துக்கு ஈடில்லை, தூய்மைக்குக் காவல் வேண்டும்

அதிகம் புழங்குவது பிஐ 2536. சோதனைக் குழாயில் பிஎல்கே1-ஐ 0.83 நானோமோலாரிலும், பிஎல்கே2-ஐ 3.5 நானோமோலாரிலும், பிஎல்கே3-ஐ 9 நானோமோலாரிலும் பாதி வேகத்துக்குக் குறைக்கிறது. செல்களில் 100 நானோமோலார் போடுவது வழக்கம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 100 நானோமோலாரில் சகோதரக் கைனேஸ்கள் இரண்டும் சேர்ந்தே அடிபடும். போதாக்குறைக்கு, இது கைனேஸே அல்லாத பிஆர்டி4 புரதத்தின் புரோமோடொமைன் என்னும் பகுதியையும் சில பத்து நானோமோலாரில் பிடிக்கிறது. ரத்தப் புற்றுச் செல்களில் மிக் மரபணுவின் வெளிப்பாடு குறைந்தால் அதை பிஎல்கே1-இன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது தடுப்பான் என்று வோலாசெர்ட்டிபை எடுப்பவர்கள் பலர். இது பயனில்லாத சரிபார்ப்பு. இரண்டும் ஒரே டைஹைட்ரோடெரிடினோன் எலும்புக்கூட்டில் கட்டப்பட்டவை, பிஆர்டி4-ஐ இரண்டுமே தொடுகின்றன. தயோஃபீன் குடும்பத்து ஜிஎஸ்கே 461364, அல்லது பிஎல்கே2-ஐயும் பிஎல்கே3-ஐயும் ஏறக்குறைய விட்டுவிடும் ஆன்வான்செர்ட்டிப் எடுத்தால்தான் அது உண்மையிலேயே இரண்டாவது சாட்சி. போலோ பெட்டியைத் தடுப்பதாகச் சொல்லி வந்த பொலாக்சின் போன்றவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்; அவை கண்ட புரதத்தோடும் வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்பவை என்று பிறகு தெரிந்தது.

கரைசல் தயாரிப்பில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் மூலக் கரைசல் இருக்கும். அதிலிருந்து டிஎம்எஸ்ஓவிலேயே 100 மைக்ரோமோலார் இடைக் கரைசல் செய்து, ஊடகத்தில் 1:1000 கலந்தால் 100 நானோமோலாரும் 0.1 சதவீத டிஎம்எஸ்ஓவும் வரும். இடைக் கரைசலை 10 மைக்ரோமோலாராகச் செய்துவிட்டு 1:100 கலப்பவர், தெரியாமலே 1 சதவீத டிஎம்எஸ்ஓவைச் செல்களுக்குக் கொடுக்கிறார். ஒப்பீட்டுக் குழிக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போயிருந்தாலொழிய அந்தச் சோதனை செல்லாது.

நேரத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் தடுப்பானின் அருமை. சிடிகே1-ஐத் தடுக்கும் ஆர்ஓ-3306-ஐ 9 மைக்ரோமோலாரில் 16 முதல் 20 மணி நேரம் வைத்தால் செல்கள் ஜி2-வின் விளிம்பில் காத்து நிற்கும். வெதுவெதுப்பான ஊடகத்தால் மூன்று முறை கழுவினால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை மைட்டாசிஸுக்குள் போய்விடும். கழுவும்போதே பிஐ 2536 சேர்த்தால் ஒருமுனைக் கதிர்கோல் கிடைக்கும். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாகும் மெட்டாஃபேஸைக் கேட்கிறீர்களா? புரத அழிவைத் தடுக்கும் எம்ஜி132 மருந்தை 10 மைக்ரோமோலாரில் கொடுத்துச் செல்களை அங்கே நிறுத்தி, பிறகு தடுப்பானைப் போடுங்கள்; ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் சகோதரக் குரோமேட்டிடுகள் தாமாகவே பிய்ந்து போகத் தொடங்கும், அதையும் தடுப்பானின் விளைவு என்று நினைத்துவிடுவோம். சைட்டோகைனசிஸைப் பார்க்க, ஹிஸ்டோன் எச்2பி ஒளிரும் செல்களை நேரடியாகப் படமெடுத்தபடி, குரோமோசோம்கள் விலகத் தொடங்கியதும் தடுப்பானைச் சேர்க்க வேண்டும். குரோமோசோம்கள் இரு பக்கமும் போய்ச் சேரும், பிளவு விழாது, இரு உட்கரு கொண்ட ஒரே செல் மிஞ்சும்.

தடுப்பான் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் ஏபிசிபி1 என்னும் வெளியேற்றுப் பம்பைச் சந்தேகியுங்கள். அது மிகுந்த செல்களில் மருந்து உள்ளே தங்காது; அதைப் பார்த்துவிட்டு இந்தச் செல்லுக்கு பிஎல்கே1 தேவையில்லை என்று எழுதினால் தவறு. டிசிடிபி புரதத்தின் 46-ஆம் செரினில் பிஎல்கே1 ஏற்றும் பாஸ்பேட்டை, எதிர்ப்பொருளால் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால் கைனேஸ் உண்மையில் நின்றதா என்று தெரிந்துவிடும். 210-ஆம் திரியோனினின் பாஸ்பேட்டை இதற்குப் பயன்படுத்துவதில் பொருளில்லை. அது அரோரா ஏ-யின் வேலையைக் காட்டும். பிஎல்கே1-இன் வேலையை அல்ல.

இருக்கும் காவல்களில் மிக உறுதியானது மரபணுக் காவல். 67-ஆம் சிஸ்டீனை வாலினாக மாற்றிய பிஎல்கே1-க்கு பிஐ 2536 சரியாகப் பொருந்தாது. அந்த வகையை வெளிப்படுத்தும் செல்கள் 100 நானோமோலாரிலும் இயல்பாகப் பிரிந்தால், சாதாரணச் செல்களில் கண்ட விளைவு பிஎல்கே1 வழியாகவே வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த வகைச் செல்களிலும் மறையாமல் நிற்கும் விளைவு எதுவானாலும் அது வேறு இலக்கின் வேலை.

எஸ்ஐஆர்என்ஏ: எளிது, ஆனால் ஏமாற்றும்

பிஎல்கே1 எஸ்ஐஆர்என்ஏ ஒரு விதத்தில் விசித்திரமானது. செல்களுக்குள் ஆர்என்ஏ போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் நேர்க்கட்டுப்பாடாகவே இதைப் பலர் வைத்திருக்கிறார்கள். இது போனால் செல்கள் உருண்டு செத்துவிடும் என்பதால். இது நன்றாக வேலை செய்வதற்கு ஓர் உயிரியல் காரணமும் உண்டு. ஒவ்வொரு பிரிதலின் முடிவிலும் பழைய புரதம் அழிகிறது. ஆகவே ஆர்என்ஏ இல்லாத செல் அடுத்த சுற்றில் வெறுங்கையோடு நிற்கிறது. மாறாக, நுண்குழல்களைக் கலைத்து மைட்டாசிஸில் நிறுத்தும் நோகோடசோலில் மாட்டிய செல்லில் சிடிஎச்1 இன்னும் கிளம்பவில்லை, பழைய பிஎல்கே1 அப்படியே இருக்கிறது. அங்கே எஸ்ஐஆர்என்ஏ போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பது வீண்.

செறிவு 10 முதல் 20 நானோமோலார் போதும். அதற்கு மேல் போனால் இலக்கல்லாத ஆர்என்ஏக்கள் அடிபடுவதுதான் கூடும். ஒருமுனைக் கதிர்கோல்கள் 24 மணி நேரத்திலிருந்து தெரியத் தொடங்கும். 48 மணிக்குப் பிறகு பார்ப்பது பெரும்பாலும் சாவின் காட்சி.

வெஸ்டர்ன் பிளாட்டில்தான் பெரும் குழப்பம். இரண்டு பொறிகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். 48 மணிக்குத் தட்டில் ஒட்டியிருக்கும் செல்களை மட்டும் எடுத்தால், அவை ஆர்என்ஏ சரியாகப் போய்ச் சேராததால் பிழைத்தவை. பிஎல்கே1 குறையவே இல்லை என்று தோன்றும். மிதப்பவற்றையும் சேர்த்தால், மைட்டாசிஸில் மாட்டிய செல்கள் நிறைய இருப்பதால், மீதமிருக்கும் சிறிதளவு பிஎல்கே1 பெரிதாகத் தெரியும். வேறு ஒரு மரபணுவைத் தொட்டுச் செல்கள் ஜி1-இல் நின்றுவிட்டாலோ, யாரும் கை வைக்காமலே பிஎல்கே1 காணாமல் போகும். ஆகவே மைட்டாசிஸ் செல்லை மைட்டாசிஸ் செல்லோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரு குழுக்களையும் 100 நானோகிராம்/மில்லிலிட்டர் நோகோடசோலில் வைத்து, உருண்டவற்றைத் தட்டிலிருந்து தட்டி எடுத்து, டியூபுலினோடு சைக்ளின் பி1-ஐயும் அளவுகோலாக வையுங்கள்.

இலக்கு தவறுவது எஸ்ஐஆர்என்ஏவின் பிறவிக் குறை. அதன் 2 முதல் 8 வரையான எழுத்துகள் மைக்ரோஆர்என்ஏபோல நடந்து, பொருந்தும் வால் பகுதியுள்ள எந்த ஆர்என்ஏவையும் அமுக்கும். மைட்டாசிஸ் ஆராய்ச்சியில் இதற்கு மோசமான எடுத்துக்காட்டு மேட்2. குரோமோசோம்கள் சரியாகப் பற்றப்படும் வரை பிரிதலை நிறுத்திவைக்கும் கதிர்கோல் சோதனைச்சாவடியின் இந்தப் புரதம் பல எஸ்ஐஆர்என்ஏக்களுக்குத் தற்செயலாகவே இரையாகிறது. அப்படி நடந்தால் செல் மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டாமல் நழுவிப்போகும். இந்தக் கைனேஸ் சோதனைச்சாவடிக்கு அவசியம் என்று ஒரு பொய்யான முடிவு பிறக்கும். குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கு தனித்தனி ஆர்என்ஏக்கள் வேண்டும். ஒன்றாகக் கலந்த கலவை போதாது. ஒவ்வொன்றுக்கும் 9, 10, 11-ஆம் எழுத்துகளை மட்டும் மாற்றிய இணை ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம். 2 முதல் 8 வரையான விதைப் பகுதி அப்படியே இருக்கும், வெட்டும் திறன் போய்விடும். அந்த இணையும் செல்லை நிறுத்தினால் அந்த ஆர்என்ஏவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்ஐஆர்என்ஏ பிடிக்காதபடி எழுத்து மாற்றிய பிஎல்கே1-ஐக் கொடுத்துச் செல் மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே மீட்புச் சோதனையில் 82-ஆம் லைசினை மாற்றிய, வினைத்திறனில்லாத வகையையும், கொக்கியில் 538-ஆம் ஹிஸ்டிடினையும் 540-ஆம் லைசினையும் மாற்றிய வகையையும் போட்டால் எந்தப் பாதி எதற்கு வேண்டும் என்று பிரித்துவிடலாம். எஸ்ஐஆர்என்ஏவை இன்னும் கைவிடாமல் இருப்பதற்கு இதுவே தகுந்த காரணம்.

கிரிஸ்பர் நீக்கம்: ஒரே ஒரு கேள்விக்கு

பிஎல்கே1 அனேகமாக எல்லா மனிதச் செல்வரிசைகளுக்கும் உயிர்நாடி. இந்த மரபணு இல்லாத எலிக் கரு ஆரம்ப நாட்களிலேயே இறந்துவிடுகிறது. ஆகவே பிஎல்கே1 அற்ற குளோன் வளர்ப்பது என்பது நடவாத காரியம். வளர்ந்து வரும் குளோன்கள் என்னவாக இருக்கும்? வெட்டை ஒட்டும்போது மூன்றின் மடங்காக எழுத்துகள் கூடியோ குறைந்தோ, வாசிப்புச் சட்டம் கெடாமல் தப்பியவை. அவற்றை வரிசைப்படுத்தாமல் நீக்கக் குளோன் என்று பெயர் சூட்டினால் பிஎல்கே1 இல்லாமலும் செல் வாழ்கிறது என்ற வேடிக்கையான முடிவுக்கு வரலாம். ஹீலா செல்களில் பல குரோமோசோம்களுக்கு இரண்டுக்கு மேற்பட்ட படிகள் இருப்பதால் எல்லாப் படிகளும் வெட்டுப்பட்டனவா என்று உறுதி செய்வது இன்னும் கடினம்.

குளோன் எடுக்காமல் போட்டிச் சோதனை செய்வதே சரி. கைனேஸ் பகுதியை நோக்கும் வழிகாட்டி ஆர்என்ஏவை ஒளிரும் குறியீட்டோடு பாதிச் செல்களுக்குக் கொடுத்து, மூன்றாம் நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் அவற்றின் விகிதத்தை, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஓட்ட அளவியில் பார்க்க வேண்டும். கைனேஸ் பகுதியில் வெட்டினால் சட்டம் கெடாத சிறு நீக்கம்கூட வினையை முடக்கிவிடுவதால் விளைவு தெளிவாகத் தெரியும். எதையும் வெட்டாத வழிகாட்டியை மட்டும் கட்டுப்பாடாக வைப்பது போதாது. டிஎன்ஏவை வெட்டுவதே, செல் வளர்ச்சியை நிறுத்தும் பி53 புரதத்தை எழுப்பும். அதனால் ஏஏவிஎஸ்1 போன்ற, வெட்டினாலும் தீங்கில்லாத இடத்தை வெட்டும் வழிகாட்டியும் வேண்டும். பெருக்கமடைந்த பகுதியில் உள்ள மரபணுவானால் பல இடத்தில் வெட்டு விழுந்து, மரபணு எதுவானாலும் செல் சாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இவ்வளவு மெதுவான கருவி, மைட்டாசிஸின் எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லாது. ஆனால் இந்தச் செல் இந்தக் கைனேஸை நம்பியிருக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை வேறெதிலும் இல்லை. மெல்க் கைனேஸின் கதை அதற்குச் சான்று. எஸ்ஐஆர்என்ஏவும் ஓடிஎஸ்எஸ்பி167 என்ற தடுப்பானும் அது புற்றுச் செல்களுக்கு இன்றியமையாதது என்று ஒருமித்துச் சொன்னன. மருந்து மருத்துவச் சோதனைக்கே போய்விட்டது. 2017-இல் கிரிஸ்பர் கொண்டு மெல்க்கை நீக்கியபோது செல்கள் எந்தக் குறையுமின்றி வளர்ந்தன. நீக்கிய செல்களையும் அந்த மருந்து கொன்றது. இரண்டு குறைபாடுள்ள கருவிகள் ஒத்துப்போவது சான்றாகாது; இரண்டும் வெவ்வேறு காரணத்தால் ஒரே பக்கம் சாயக்கூடும்.

டெக்ரானும், வாசல் திருத்திய கைனேஸும்

புரதமே நிமிடங்களில் மறைய வேண்டுமென்றால் ஆக்சின் டெக்ரான்: ஆக்சின் என்ற தாவர ஹார்மோனைப் போட்டதும், வால் ஒட்டிய புரதத்தை டிஐஆர்1 என்ற தாவரப் புரதம் அழிவுக்கு அனுப்பும். 2009-இல் வந்த முதல் வடிவத்தில் 500 மைக்ரோமோலார் ஆக்சின் வேண்டியிருந்தது. ஆக்சின் போடாமலே புரதம் கசிந்து குறையும் தொல்லையும் உண்டு. 2020-இல் வந்த இரண்டாம் வடிவத்தில், நெல்லின் டிஐஆர்1 புரதத்தில் 74-ஆம் ஃபினைல்அலனினைக் கிளைசினாக மாற்றி, 5-ஃபினைல் ஆக்சினை 1 மைக்ரோமோலார் அளவிலோ அதற்கும் குறைவாகவோ போட்டால் போதும். கசிவும் பெரிதாக இல்லை.

வேலை நீளமானது. முதலில் டிஐஆர்1-ஐ ஏஏவிஎஸ்1 இடத்தில் பதிக்க வேண்டும். பிறகு பிஎல்கே1-இன் எல்லாப் படிகளிலும் டெக்ரான் வாலை ஒட்ட வேண்டும். ஒரு படி தப்பினாலும் எந்த விளைவும் தெரியாது. இரண்டு படிகளுக்கு இரண்டு வெவ்வேறு தேர்வு மருந்துகள் தேவை. ஆர்பிஇ1 என்ற மனித விழித்திரைச் செல்களை எடுப்பவர் இங்கே சறுக்குவார். அந்தச் செல்களுக்கு ஹைக்ரோமைசின் எதிர்ப்பும் பியூரோமைசின் எதிர்ப்பும் பிறவியிலேயே உண்டு. பிளாஸ்டிசிடினும் நியோமைசினும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது பியூரோமைசின் எதிர்ப்பை முன்பே நீக்கிய வரிசையிலிருந்து தொடங்கலாம். வாலைப் போலோ பெட்டிகளின் பக்கம் வைப்பதைவிட முன்முனையில் வைப்பதே பாதுகாப்பு; ஒளிரும் புரதத்தை முன்முனையில் ஒட்டிய பிஎல்கே1 செல்லைக் காப்பாற்றுவது முன்பே தெரிந்த விஷயம். குளோன் கிடைத்ததும் ஆக்சின் இல்லாமல் மைட்டாசிஸ் எத்தனை நிமிடம் நீள்கிறது என்று தாய்ச் செல்லோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே நீண்டிருந்தால் வால் புரதத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். ஆர்பிஇ1-இல் இது இன்னும் முக்கியம்: புரோமெட்டாஃபேஸ் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மகள் செல்கள் பி53 வழியாக ஜி1-இல் நின்றுவிடும். அந்த நிறுத்தத்தை பிஎல்கே1-க்கு ஜி1-இல் வேலை உண்டு என்று படித்துவிடக் கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது வாசல் திருத்திய கைனேஸ். ஏடிபி அமரும் இடத்தின் வாசலில் இருக்கும் 130-ஆம் லூசினைக் கிளைசினாகச் சுருக்கி, கூடவே 67-ஆம் சிஸ்டீனை வாலினாக்கினால், பருத்த பியூரின் ஒப்பான 3-எம்பி-பிபி1 உள்ளே நுழையும். 10 மைக்ரோமோலாரில் இந்தக் கைனேஸ் மட்டும் நிற்கும். அதே மருந்தைத் திருத்தாத செல்லுக்கும் போட்டுப் பார்ப்பதுதான் கட்டுப்பாடு. மற்ற எந்த முறையிலும் இவ்வளவு சுத்தமான கட்டுப்பாடு அமைவதில்லை. குறை ஒன்றுதான்: வாசல் சுருங்கிய கைனேஸ்கள் பொதுவாகக் கொஞ்சம் சோம்பேறிகள். மருந்து போடாத நிலையிலேயே வேலை குறைந்திருக்கலாம்.

எதை எடுப்பது

மைட்டாசிஸில் எந்தக் கட்டத்தில் பிஎல்கே1 தேவை என்பது கேள்வியானால் தடுப்பானோடு தொடங்குங்கள். 67-ஆம் இடம் மாற்றிய செல்வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வரும். வேறு கருவி தேவையே படாமல் போகலாம். புரதம் இருப்பதே, வினையில்லாமலும், எதையாவது தாங்கிப் பிடிக்கிறதா என்று கேட்டால் டெக்ரானே சிறந்த வழி. அதே டெக்ரான் செல்லில் ஒரு தட்டில் ஆக்சினும் மறு தட்டில் பிஐ 2536-உம் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே அந்தச் சோதனை. இதற்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். ஒரு புற்றுச் செல்வரிசை இந்த மரபணுவை நம்பியிருக்கிறதா என்றால் கிரிஸ்பர் போட்டி. திருத்திய பல வகைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மீட்போடு கூடிய எஸ்ஐஆர்என்ஏ இன்னும் சிக்கனமானது. வாசல் திருத்திய செல்லைப் புதிதாகக் கட்டுவது, தடுப்பானின் தூய்மைமேல் உண்மையான சண்டை இருக்கும்போது மட்டுமே தகும்.

எந்த வழியில் போனாலும் ஒருமுனைக் கதிர்கோலைக் கண்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். கதிர்கோல் முனைகளைத் தள்ளிப் பிரிக்கும் ஈஜி5 மோட்டாரை 5 மைக்ரோமோலார் எஸ்டிஎல்சி மருந்து கொண்டு நிறுத்தினாலும் அதே ஒருமுனை வரும். காமா டியூபுலினுக்கும் பெரிசென்ட்ரினுக்கும் எதிர்ப்பொருள் போட்டுப் பாருங்கள். ஈஜி5 நின்ற செல்லில் முனைகள் பிரகாசமாக இருக்கும். பிஎல்கே1 நின்ற செல்லில் மங்கிக் கிடக்கும். எஸ்டிஎல்சி போட்ட தட்டையும் அதே நாளில், அதே எதிர்ப்பொருளில், அதே ஒளி அளவில் படமெடுத்தால்தான் மங்கலைப் பற்றிப் பேச முடியும்.